வெடி வைப்பவரின் சத்தமில்லாத காலைகள்

ஹெல்சின்கியில் பாறை உடைக்கிறவர்களுக்கு வேலை இல்லாமல் போனதே கிடையாது. ஊர் மொத்தமும் கருங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு நிலவறை வேண்டும் என்றாலும் வெடி வைத்துத்தான் தோண்ட வேண்டும். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், என் எதிர்க்கதவில் குடியிருக்கும் இல்மாரி ஹௌதலா பதினைந்து வருடமாக வெடி வைத்துப் பிழைப்பவர். அவர் கை பட்டால் தெரு அதிரும், அலமாரியில் கோப்பைகள் நடுங்கும், நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அவர் மனைவி ரீக்கா நேர்எதிர். பிரசவ வார்டில் மருத்துவச்சி. இரவு முழுவதும் ஊரார் அலறலுக்கு நடுவே நின்று, அதிலேயே தெம்பு ஏறி, காலை எட்டு மணிக்கு வீடு திரும்புவார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகோ, சமையலறையில் ஒரு கரண்டி தட்டில் பட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். பத்துப் பெண்கள் கத்தினால் அசராத காது, தன் பிள்ளை தும்மினால் விழித்துக்கொண்டது.

சென்ற குளிர்காலத்தில் இது சிரிக்கிற விஷயமாக இல்லை. கடைக்குட்டி ஹில்லா பிறந்ததற்கான விடுப்பை முடித்துக்கொண்டு ரீக்கா இலையுதிர்காலத்தில் இரவு வேலைக்குத் திரும்பினார். அவருக்குப் பதிலாக இல்மாரி விடுப்பு எடுத்தார். ஐந்து வயது வென்லா, மூன்று வயது ஓட்சோ, இன்னும் நடை பழகாத ஹில்லா, மூவரும் அவர் பொறுப்பு. ஜனவரி வந்தபோது ரீக்காவின் முகம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. டிராமில் உட்கார்ந்தபடியே தூங்கி, பணிமனை வரை போய், டிரைவர் தட்டி எழுப்பிய கதை இரண்டு முறை நடந்தது. வார்டில் கெடு சொல்லிவிட்டார்கள்: பிப்ரவரிப் பனிச்சறுக்கு விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு வேண்டும். இரவு வேலையில் நீடிக்கிறாரா, அல்லது பகல் நேரக் கர்ப்பிணிப் பரிசோதனை நிலையத்துக்கு மாறுகிறாரா? உட்கார்ந்து பார்க்கிற வேலை, சனி ஞாயிறு விடுமுறை, யாரும் பொறாமைப்படக்கூடிய இடம்.

"அங்க யாருமே பொறக்க மாட்டாங்களே," என்றார் ரீக்கா என்னிடம். அந்த வேலையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஆக, இல்மாரியின் வேலை எளிமையானது. காலை எட்டரையிலிருந்து மதியம் வரை வீட்டைக் காலியாக வைத்திருக்க வேண்டும். வெளியே குளிர் எவ்வளவு என்பது கணக்கில் வராது.

எங்கள் ஊரில் மூன்று பிள்ளைகளுக்குக் குளிர்கால உடுப்பு மாட்டுவதை ஓசையில்லாமல் செய்ய முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஒன்று, அதன் மேல் கழுத்திலிருந்து கால் வரை ஒரே துண்டான பனி உடுப்பு, கம்பளிக் காலுறை, பூட்ஸ், கையுறை, கண் மட்டும் தெரிகிற மங்கி குல்லா. மூன்றாவது பிள்ளைக்கு மாட்டி முடிக்கும்போது முதல் பிள்ளைக்கு ஒன்றுக்கு வரும். இல்மாரி இந்தச் சடங்கு முழுவதையும் வீட்டைவிட்டுப் படிக்கட்டுக்கு மாற்றினார். பிள்ளைகள் கம்பளிக் காலுறையோடு பூனை போல வெளியே வந்து ஆளுக்கொரு படியில் உட்காருவார்கள். பேச்சு கிடையாது. வேலைத்தளத்துச் சைகைகளை அவர்களுக்குப் பழக்கியிருந்தார்: முஷ்டி உயர்ந்தால் நில், உள்ளங்கை தாழ்ந்தால் உட்கார், கட்டை விரல் மேலே போனால் கிளம்பு. பூட்ஸின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டியைப் பிரிக்கும்போது வருகிற கர்ரென்ற சத்தத்துக்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறார். கடைசியில் பூட்ஸைத் தன் கோட்டுக்குள் நுழைத்து, வயிற்றோடு அணைத்துப் பிடித்துப் பிரித்தார். லிஃப்ட் கதவு கணகணக்கும் என்பதால் லிஃப்டும் கிடையாது. ஒன்றுக்கு வந்த பிள்ளை என் கதவை நகத்தால் சுரண்டும். அந்தக் குளிர்காலத்தில் என் கழிப்பறைக்குக் காலை நேர வாடிக்கை குறைந்ததே இல்லை.

முதலில் பூங்கா. சறுக்குமரம், ஊஞ்சல், பனிக்குவியல். பெற்றோர் அரைவட்டமாக நின்று கால் மாற்றி மிதித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாமவர் தாராளமாக நிற்கிற அளவு இடைவெளி விட்டு. இல்மாரிக்குப் பக்கத்தில் அக்டோபரிலிருந்து தினமும் ஒரே பெண்மணிதான் நின்றார். பிளாஸ்க் காப்பியை நான்கைந்து முறை அவருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார் இல்மாரி. பெயர் கேட்டதில்லை, அந்த அம்மாளும் கேட்டதில்லை. இதைப் பகை என்று நினைக்க வேண்டாம். நாங்கள் ஒருவரை ஒருவர் மதிப்பது இப்படித்தான்.

கை கால் விறைக்கத் தொடங்கியதும் ரயில் பாலத்தைக் கடந்து நகராட்சியின் குளிர்காலத் தோட்டத்துக்கு நடை. பழைய கண்ணாடி வீடு, கட்டணமில்லை. திங்கட்கிழமை மட்டும் பூட்டு. திங்கட்கிழமைகளில் தள்ளுவண்டியோடு டிராமில் ஏறி ஊரைச் சுற்றுவார்கள், தள்ளுவண்டியோடு வருகிறவருக்கு அதற்கும் கட்டணமில்லை. இல்மாரிக்குச் செடி கொடியில் ஒரு பற்றும் கிடையாது. அவருடைய தொழிலில் செடி என்பது வெடி வைப்பதற்கு முன் அப்புறப்படுத்த வேண்டிய சங்கதி. இருந்தும் அந்தக் கண்ணாடி வீட்டுப் பனைமரத்தடியில் அவரைவிட அதிக நேரம் உட்கார்ந்தவர் தோட்டக்காரராகத்தான் இருக்க முடியும். வென்லா குளத்து மீன்களை எண்ணுவாள், தினமும் வேறு வேறு விடை வரும். ஓட்சோ கள்ளிச்செடிகளுக்கு வணக்கம் சொல்லுவான், ஒரு முறை குத்துப்பட்டதிலிருந்து தூர நின்று. ஹில்லா மட்டும் உள்ளே வருவதில்லை. வாசலில் வரிசையாக நிற்கும் தள்ளுவண்டிகளில் மற்ற குழந்தைகளோடு குளிர்காற்றில் தூங்குவாள். வெளியே தூங்கினால்தான் தூக்கம் என்று எங்கள் குழந்தைகளைப் பழக்கிவிட்டோம். ரீக்காவையும் ஒரு தள்ளுவண்டியில் படுக்கவைத்தால் என்ன என்று இல்மாரி கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டிருப்பார்.

கெடு முடிகிற வாரத்தின் செவ்வாய்க்கிழமை. இரவு முழுக்கப் பிரசவம் மேல் பிரசவம். ரீக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். நான் செய்தித்தாளை எடுக்கக் கதவைத் திறந்திருந்தேன்.

"இன்னிக்கும் தூங்கலைன்னா பகல் வேலைக்கே போறேன்னு சொல்லிடறேன், இல்மாரி. போதும்."

இல்மாரி தலையை அசைத்தார். அன்று காலை கையுறையைக்கூட அவர் கோட்டுக்குள் வைத்துத்தான் மாட்டினார்.

பூங்காவில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஓட்சோவின் உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலநிறம், முழங்காலில் மஞ்சள் ஒட்டு. பழைய சாமான் சந்தையில் வாங்கியது. விற்றவர், பின்னால் தெரியவந்தபடி, பூங்காவில் பக்கத்தில் நிற்கிற அதே பெண்மணி. அவருடைய மூத்த பையன்கள் இரட்டையர். ஒரே மாதிரி இரண்டு உடுப்பு, ஒரே நாளில் ஒரே வேலியில் கிழித்துக்கொண்டு, ஒரே துணியில் ஒட்டுப் போட்டது. ஒன்றை விற்றார். இன்னொன்றைக் கடைசிப் பையன் நீலோவுக்கு வைத்துக்கொண்டார். அதுவரை அந்தக் குளிர்காலத்தில் நீலோ வேறு உடுப்பில் வந்துகொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அது சின்னதாகிப்போய், இந்த நீல உடுப்பில் வந்தான்.

எலும்பைத் துளைக்கிற காற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் மட்டும்தான் தெரிந்தது. இல்மாரி பனிக்குவியலின் அடியிலிருந்து நீல உடுப்பு ஒன்றைத் தூக்கி, தள்ளுவண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டியில் உட்காரவைத்தார். வேலைத்தளத்தில் திரி பற்றவைக்கும் முன் ஆள் எண்ணுகிற வழக்கத்தில் எண்ணினார்: தள்ளுவண்டியில் ஒன்று, கைப்பிடியைப் பிடித்து நடப்பது ஒன்று, சறுக்குவண்டியில் ஒன்று. கணக்கு சரியாக இருந்தது. ஆள்தான் தப்பு.

இருபது நிமிட நடை. வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்தத் தவறு முதல் தெருமுனையிலேயே வெளிப்பட்டிருக்கும். அப்பன் ஏதாவது கேட்பான், பிள்ளை ஏதாவது பிதற்றும். எங்கள் ஊரில் அப்பனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. நீலோவுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. யாரோ தன்னை வண்டியில் வைத்து இழுத்துப்போகிறார்கள், வண்டி நன்றாக ஓடுகிறது, அதைக் கெடுப்பானேன்?

தோட்டத்து வாசலில் ஹில்லாவை நிறுத்திவிட்டு உள்ளே போனதும் இல்மாரியின் மூக்குக்கண்ணாடி வழக்கம்போல ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளை உரிப்பதை அவர் எப்போதும் கைத்தடவலில்தான் செய்வார். கையுறையை உருவினார், குல்லாவை உருவினார், தலையைத் தடவிக் கொடுத்தார். கை நின்றுவிட்டது. ஓட்சோவுக்குச் சுருட்டை முடி. கைக்குக் கீழே இருந்தது துடைப்பம் மாதிரி நேர்முடி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். செம்பட்டைத் தலை, விரிந்த காது, கன்னம் நிறையப் புள்ளி.

"நீ யாரு?"

"நீலோ."

"ஓட்சோ எங்க?"

நீலோ நியாயமாக யோசித்துப் பார்த்தான். "எனக்குத் தெரியாது. நான் பனிமலைக்குக் கீழ இருந்தேன்." பிறகு, "எனக்கு ஒண்ணுக்கு வருது."

இல்மாரி மகள் பக்கம் திரும்பினார். வென்லா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்தியா?"

"பாலத்துலயே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீதானப்பா தூக்கி வச்ச. ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்." சற்றுப் பொறுத்து, "நம்ம ஓட்சோ திரும்பி வருவானா?" என்று கேட்டாள். பொதுவான ஆர்வத்தில் கேட்டது போலத்தான் இருந்தது என்று அங்கே சீட்டு இல்லாத வாசலைக் காவல் காக்கும் அம்மாள் பிறகு என்னிடம் சொன்னார்.

அந்தப் பெண்மணியை அழைக்க இல்மாரியிடம் எண் இல்லை. பெயரே இல்லாதபோது எண் எங்கிருந்து வரும்? நீலோவைக் கேட்டால் அம்மாவின் பெயர் அம்மா. நீலோவை அவசரமாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்வந்து, உரித்ததையெல்லாம் திரும்ப மாட்டத் தொடங்கினார். பின்னாளில் அவர் சொன்னார்: ஓட்சோ பத்திரமாக இருப்பான் என்று தெரியும், பனியில் நிற்கும் பிள்ளையை யாரும் விட்டுப்போகமாட்டார்கள். பயமெல்லாம் வேறு. ஓட்சோவுக்கு வீட்டுக்கு வழி தெரியும். பக்கத்திலேயே கட்டடம். யாராவது அவனைக் கூட்டிவந்து மணி அடிப்பார்கள்.

மணி அடிக்கத்தான் வந்தார்கள். நான் கடையிலிருந்து பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது கட்டடத்து வாசலில் அந்தப் பெண்மணி ஓட்சோவின் கையைப் பிடித்து நின்றிருந்தார். மூக்கு துடைக்கக் குல்லாவை இழுத்தபோதுதான் இது தன் பிள்ளை இல்லை என்று தெரிந்ததாம். என் பையனைக் காணோம், இவன் வீடு இதுதானாம், அப்பா இங்கேதான் வந்திருக்க வேண்டும் என்றார். குரல் நிதானமாக இருந்தது. காது மடல் மட்டும் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது. என்னை முந்திக்கொண்டு படியேறினார்.

மூன்றாம் மாடிக்கு நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அவர் விரல் அழைப்பு மணிக்கு மேலே நின்றிருந்தது. நின்றது மட்டும்தான். ஏனென்றால் ஓட்சோ அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, முஷ்டியை உயர்த்திக் காட்டினான்.

பாறை வெடிக்கிறவர்களின் சைகை அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளை அவ்வளவு கண்டிப்பாக முஷ்டியைக் காட்டினால் யாரும் ஒரு நொடி நிற்பார்கள். ஓட்சோ தன் படியில் போய் உட்கார்ந்தான். பூட்ஸைத் தூக்கி வயிற்றோடு அணைத்து, அப்பாவைப் போலவே உடம்பை வளைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஒட்டுப்பட்டியைப் பிரிக்கத் தொடங்கினான்.

"அம்மா தூங்கறா," என்றான், காற்றைவிட மெல்லிய குரலில்.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன்: இரவு வேலை, பிரசவ வார்டு, பல வாரமாகத் தூக்கமில்லை, வெள்ளிக்கிழமை கெடு.

"என் பையனைக் காணோங்க," என்றார் அவர். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

என்னிடம் இல்மாரியின் எண் இருந்தது. கட்டடத்து நீராவிக் குளியலில் முறை மாற்றிக்கொள்வதற்காக வாங்கிவைத்தது. அழைத்தேன்.

"இல்மாரி, உங்க கிட்ட ஒரு பையன் அதிகமா இருக்கானா?"

"சமமாத்தான் இருக்கு," என்றார் மூச்சிரைக்க. "மணி அடிச்சிட்டாங்களா?"

தன் பிள்ளையைக் கேட்கவில்லை, மணியைக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். போனை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். மறுமுனையில் நீலோ வந்தான். வேகமாக இழுக்கச் சொல்லு என்று அம்மாவிடம் சிபாரிசு கேட்டான். அவர் சுவரில் சாய்ந்து, மெதுவாகச் சறுக்கி, ஓட்சோவின் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதும் மூக்கை உறிஞ்சவில்லை.

கால்மணி நேரத்தில் இல்மாரி வந்தார். கீழ்வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மூன்று மாடி ஓடிவந்திருக்கிறார். ஒரு தோளில் ஹில்லா, இடுப்பில் நீலோ, பின்னால் வென்லா. நீல உடுப்புக்காரர்கள் இருவரும் கைமாறினார்கள். இல்மாரி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அந்தப் பெண்மணி உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார், ஓட்சோவிடம் அதற்குள் கற்றுக்கொண்டது. பிறகு தன் மார்பைத் தொட்டு, "மீர்வா," என்றார் கிசுகிசுப்பாக.

"இல்மாரி," என்றார் இவர். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஆன அறிமுகம் இவ்வாறு நிறைவேறியது.

மணி பதினொன்றுதான். மதியம் வரை இன்னும் நேரம் இருந்தது. நீலோ கள்ளிச்செடியைப் பார்க்காமலே திரும்பிவந்திருந்தான், அதைச் சொல்லி உதட்டைப் பிதுக்கவும் ஆரம்பித்தான். எனவே மொத்தக் கூட்டமும் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து திரும்பவும் உடுத்திக்கொண்டது. மீர்வா நீலோவின் பூட்ஸைத் தன் கோட்டுக்குள் நுழைத்துப் பிரித்தார். கிளம்பும்போது இல்மாரி மறுபடி எண்ணினார். இந்த முறை ஒவ்வொரு குல்லாவையும் தூக்கிப் பார்த்து.

ரீக்கா அன்று ஒரு மணிக்குப் பிறகுதான் எழுந்தார். வெள்ளிக்கிழமை வார்டில் போய், இரவு வேலையில் நீடிப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவர் முகத்தில் ரத்தம் ஊறுவதை நானே பார்த்தேன். டிராம் பணிமனைக்காரர்கள் அவரை மறந்தே போயிருப்பார்கள்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, பெண்களுக்கான முறையில், நீராவி அறையில் நானும் ரீக்காவும் மட்டும் இருந்தோம். அன்றைக்கு எப்படித்தான் அப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன்.

"யாரு தூங்கினா?" என்றார். "கத்தினாக்கூட எழுந்திருக்க மாட்டேன். ஆளாளுக்குக் கிசுகிசுன்னா எப்படித் தூங்கறது? எழுந்து வந்து கதவுத் துளை வழியாப் பாத்தேன். ஒரு பொம்பள விரல் மணிக்கு நேரா நிக்குது. கீழ ஓட்சோ உக்காந்து பூட்ஸக் கழட்டிட்டிருக்கான். நீங்க பால் பையோட நிக்கறீங்க. தாழ்ப்பாள்ல கை வச்சேன்."

"திறக்கலையே?"

"திறந்தா அவரு குளிர்காலம் பூரா பட்ட பாடு என்னத்துக்கு?" அடுப்பின் சூடான கல் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்து அடங்கியது. "அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் கெட்டது சத்தத்தால இல்ல. சத்தமே இல்லாததால. என் வேலைல அமைதின்னா பயம். குழந்தை வந்து அழலைன்னா எல்லாரும் ஓடணும். இங்க வீடே அமைதியா இருக்கும், நான் படுத்துக்கிட்டு, வெளியில என்ன ஆச்சோன்னு காத குடுத்துக்கிட்டே கெடப்பேன். அன்னிக்கு ஆகக்கூடியது ஆயிடுச்சு. வாசல்லயே பாத்துட்டேன். அவரு வந்து சரிபண்ணிட்டுப் போறதையும் பாத்தேன். திரும்பி வந்து படுத்தேன், அவ்வளவுதான் தெரியும்."

இதை இல்மாரியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. எழுதுவதில் அபாயம் இல்லை. இல்மாரி வெடிமருந்துக் கையேட்டைத் தவிர வேறொன்றும் படிப்பவரில்லை.

அவர் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். எங்கள் பக்கத்தில்தான் சுரங்கம் தோண்டுகிறார்கள். மாலை நேரத்தில் என் கோப்பைகள் நடுங்கினால் அவர் சௌக்கியமாக இருக்கிறார் என்று அர்த்தம். தன்னைப் பற்றி வாய்திறந்து பெருமை பேசாத மனிதர். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அதை மட்டும் இரண்டு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார், படிக்கட்டில் நின்று, பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தி:

"அன்னிக்கு வாசல்ல அத்தனை பேர் நின்னோம். அவ அசையவே இல்ல."

இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.